வெளிவீதியில் நின்று கேட்டவர்கள்
காவிரிப் படுகையும் யாழ்ப்பாணத்து மேளச்சமாவும்

சங்கீதம் என்றால் அது காவிரித் தண்ணி குடிச்சவனுக்குத்தான் வரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. இதைச் சொல்பவர்கள் வித்வான்கள் அல்லர், வாழ்நாளில் ஒரு ராகத்தின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத மிராசுகளும் அவர்களுடைய வாரிசுகளும்தான். ஆனாலும் பேச்சு நிலைத்துவிட்டது. மாயவரத்துக்காரன் ஒருவன் மேளம் கேட்பதற்காகக் கடல் தாண்டிப் போகிறேன் என்றதும், "கொல்லன் தெருவுலயே குடியிருந்துகிட்டு ஊசி வாங்க அசலூர் போறியாக்கும்" என்று சொந்த வீட்டிலேயே கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கு ரயிலேறினால் குத்தாலம் தாண்டித் திருவாவடுதுறை வருகிறது. ராஜரத்தினம் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கிற ஊர் அது. அதை ஒட்டியே நரசிங்கன்பேட்டை. ஆச்சா மரத்தைக் கடைந்து, அதிலும் பழைய வீடு இடித்த உத்தரமாகப் பார்த்து வாங்கிக் கடைந்து, நாகசுரம் செய்கிற ஊர். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திமிரி என்ற உச்ச சுருதிக் குழலை விட்டுவிட்டு, நீண்டு தாழ்ந்த பாரி நாகசுரத்துக்கு ராஜரத்தினம் பிள்ளை வந்தது இவ்வூர் ரங்கநாத ஆசாரியின் கைவேலையால். வாயில் வைக்கிற சீவாளி திருவாவடுதுறையிலேயே தயாராகிறது. கிழக்கே போனால் செம்பொன்னார்கோயில், ரக்திக்குப் பேர்போனது. இப்படிக் கருவியும் கையும் மூச்சும் ஒரே ரயில் பாதையில் கிடக்கிற ஊர்க்காரனுக்கு வெளிநாட்டில் என்ன கச்சேரி?

இந்தக் கேள்விக்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. அல்லது, வரலாறு என்று நமக்குச் சொல்லப்பட்ட ஒரு கதையாடல் ஒளிந்திருக்கிறது. தஞ்சாவூர் கொடுத்தது, யாழ்ப்பாணம் வாங்கிக்கொண்டது; இங்கே ஊற்று, அங்கே வாய்க்கால். நம் இசை வரலாற்று நூல்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஈழத்துக்காரர்களும், மரியாதையின் பொருட்டோ என்னவோ, இதை அப்படியே ஒப்புக்கொண்டு எழுதுகிறார்கள். வாசித்தவனைப் பற்றி மட்டும் பேசி, கேட்டவனைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாத வரலாறுதான் இப்படி எழுத முடியும். யார் உட்கார்ந்து கேட்டார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், யாரை உட்கார விடவில்லை என்று கேட்கத் தொடங்கினால் ஊற்று, வாய்க்கால் என்ற உவமை உடைந்துபோகிறது.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணியர் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த மாதக் கடைசியில் போனேன். மாயவரத்திலிருந்து நாகப்பட்டினம் பஸ்ஸில் நெரிபட்டு நின்ற நேரத்தையும் கடலில் கழிந்த நேரத்தையும் ஒப்பிட்டால் கடல்தான் சுகம், நாலு மணி நேரம். இத்தனை பக்கத்தில் இருக்கிற ஊருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கத்திலிருந்து நேராகப் போக வழியில்லாமல் இருந்தது என்பது அக்கரையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து நாள் திருவிழா. ஆனால் நான் சொல்லப் போவது நல்லூரை அல்ல. இணுவில் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில், ராத்திரித் திருவிழா, வெளிவீதி மணலில் மேளச்சமா. நம்மூரில் மேளக்கச்சேரி என்பதை அங்கே 'சமா' என்கிறார்கள்.

ரெண்டு நாகசுரம், நாலு தவில். சுவாமி ஒரு பக்கம் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மூரில் சுவாமி நகர்ந்துகொண்டே இருக்கும், மேளகாரர்கள் பின்னுக்கு நடந்துகொண்டே வாசிப்பார்கள். அங்கே சாமியை நிறுத்திவைத்துவிட்டுச் சனம் வித்வான்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. ராகம் கேட்டது, கீர்த்தனை கேட்டது, அப்புறம் தனி ஆவர்த்தனம். அது ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. சின்னப் பையன்கள் தொடையில் தாளம் போட்டு, தவில்காரர் சமத்துக்கு வந்து விழுகிற இடத்துக்கு ஒரு நொடி முன்பே "ஆ" என்றார்கள். கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் தவில்காரர் தனி ஆரம்பித்தால் அது சாப்பாட்டுப் பந்திக்கு விடுகிற மணி என்று நினைத்துக்கொண்டு எழுந்துபோவதைப் பார்த்துப் பழகியவன் நான்.

பக்கத்தில் இருந்த பெரியவர், எழுபதைத் தாண்டியவர், என் சட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி இந்தியாவோ? எந்த இடம்?"

மாயவரம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் அவர் ஊர்ப் பெயர்களை அடுக்கத் தொடங்கினார். திருவாவடுதுறை, நாச்சியார்கோயில், நீடாமங்கலம், திருமுல்லைவாயில், திருவாளப்புத்தூர். எல்லாம் தவிலும் நாகசுரமும் ஆன ஊர்கள், ஆட்களின் பெயருக்கு முன்னால் வருபவை. "வலங்கைமான் எங்க ஊருலேர்ந்து பஸ்ஸுல போற தூரந்தான் ஐயா" என்று நான் சொன்னதும் அவர் திகைத்துப்போனார்.

"வலங்கைமான் எண்டது ஊரோ? நான் அந்த மனுசன்ரை பேரெண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சனான்!"

சண்முகசுந்தரம் பிள்ளையை அவர் வலங்கைமான் என்றே அறிந்திருக்கிறார். ஆற்றையும் வயலையும் கோயில் கோபுரத்தையும் கொண்டு நாம் அறிந்திருக்கிற படுகையை அவர் தவிலின் சொற்கட்டைக் கொண்டு அறிந்திருந்தார். இந்த வரைபடத்தில் கும்பகோணம் சின்ன ஊர், நாச்சியார்கோயில் பெரிய ஊர். தஞ்சாவூர் ஜில்லாவின் நிலவியலை இதைவிடச் சரியாக யாரும் எழுதியதில்லை என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு நெருக்கம் எப்படி வந்தது? ரயில் ஒரு காரணம். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு மதராஸிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். கார்டு லைன் போடும்வரை தெற்கே போன வண்டிகளெல்லாம் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியேதான் போயின. ராத்திரி இங்கே வண்டியேறிய மேளம் மறுநாள் கடலைக் கடந்துவிடும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிற்று. ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. எண்பதுகளில் போர் வந்து அதுவும் நின்றது.

இன்னொரு காரணம் காசு. இதைச் சொல்லத்தான் நம் ரசிகர்கள் கூசுகிறார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்துக்கு, அல்லது ஒரு பகுதியாருக்கு உரிமை. மூன்றாம் திருவிழாக்காரன் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் நான்காம் திருவிழாக்காரன் நாலு கூட்டம் பிடிப்பான். அதில் ஒன்று இந்தியாவிலிருந்து வந்ததாக இருந்தால்தான் மதிப்பு. புகையிலைக் காசும், மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்களின் பென்ஷனும், கொழும்புக் குமாஸ்தாவின் மணியார்டரும் ஆச்சா மரக் குழலுக்குள் போய் தோடியாக வெளியே வந்தன. ஆக யாழ்ப்பாணத்தானின் காது பிறவியிலேயே நுட்பமானது என்று நான் சொல்லவில்லை. வெள்ளாளப் பெருமையின் போட்டியில்தான் அந்தக் காது வளர்ந்தது. ஆனால் வளர்ந்த பிறகு அது பெருமையடித்தவனின் சொத்தாக மட்டும் இருக்கவில்லை. மணலில் உட்கார்ந்த எல்லோருக்கும் அது வாய்த்தது.

எங்கள் பக்கத்திலும் இதே போட்டி இருந்ததுதான். மிராசுதார் காலத்தில் கல்யாண ஊர்வலங்கள் விடிய விடிய நகர்ந்தன. ஆனால் சங்கீதத்தின் மையம் மதராஸ் சபாக்களுக்குக் குடிபெயர்ந்தபோது வாய்ப்பாட்டும் வீணையும் பிடிலும் உள்ளே போயின. நாகசுரம் வாசலில் 'மங்கள இசை'யாக நின்றது. சபையில் ஆள் சேரும்வரை இருபது நிமிஷம். திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு 1956இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி கிடைத்தது. அதே வருஷம் டிசம்பர் 12இல் செத்துப்போன ராஜரத்தினம் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998இல், சாவதற்கு முந்திய வருஷம் கிடைத்தது. சத்தம் பெரிசு, அரங்குக்கு ஒத்துவராது என்பார்கள். சத்தமா பிரச்சினை? மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று வாசித்த உடம்பு, மேடையில் சரிசமமாக உட்காருவதுதான் பிரச்சினை. கிராப்பு வைத்து, கோட்டும் ஷூவும் போட்டு, மேடை கேட்டு வாங்கிய ராஜரத்தினம் பிள்ளையின் 'திமிர்' பற்றி நூறு கதைகள் சொல்லுவார்கள். அவை திமிர் பற்றிய கதைகளாக மட்டுமே இன்றுவரை சொல்லப்படுவது எதனால் என்று யோசிக்க வேண்டும்.

நாற்பதுகளின் தமிழிசை இயக்கமும் இந்த இடத்தில் உதவவில்லை. எந்த மொழியில் பாடுவது என்பது அதன் கேள்வி. மல்லாரிக்கும் ராக ஆலாபனைக்கும் மொழியே கிடையாது. சாகித்தியத்தைச் சுற்றி நடந்த சண்டையில், சொல் இல்லாமல் ஒரு ராத்திரி முழுக்கத் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒலித்த இசை இரண்டு தரப்பின் கண்ணிலும் படவில்லை.

அக்கரையில் மேளம் உட்கார்ந்தது என்பது இந்தப் பின்னணியில்தான் பெரிய விஷயமாகிறது. 'கொடை'யின் திசையும் அங்கேயே திரும்பிவிடுகிறது. இணுவில் விசுவலிங்கம் என்ற தவில்காரரின் மகன் தட்சிணாமூர்த்தி, 1933இல் பிறந்தவர், நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளையிடம் சிட்சை பெற இங்கே வந்தார். சிட்சைக்கு வந்த பையன் கொஞ்ச காலத்தில் இந்தப் படுகைத் தவில்காரர்களே காதைக் கொடுத்துக் கேட்கிற ஆளாகிவிட்டார். காருகுறிச்சி அருணாசலத்துக்கும் மற்ற பெரியவர்களுக்கும் வாசித்தார். 'யாழ்ப்பாணம்' என்பது தவிலில் ஒரு முன்னொட்டு ஆயிற்று, வலங்கைமான் போல. 1975இல், நாற்பத்திரண்டு நிறைவதற்கு முன், செத்துப்போனார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. பார்க்காதவர்கள் பார்க்கலாம். அந்த வேகமும் கணக்கும், விடிய விடிய உட்கார்ந்து கேட்ட ஒரு கூட்டம் இல்லாமல் உண்டாகியிருக்குமா? தனி ஆவர்த்தனத்தைக் கேட்க ஆள் இல்லாத ஊரில் ஒருவன் தனி ஆவர்த்தனத்தில் மேதையாக முடியாது. தவிலை நாம் கொடுத்தோம் என்றால், தவிலுக்கு ஒரு சபையை அவர்கள் கொடுத்தார்கள்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது இன்னொரு புகழ்ச்சிக் கட்டுரை ஆகிவிடும். அதே கப்பலில் பெண்களும் போனார்கள். பெரியமேளம் என்றால் நாகசுரமும் தவிலும். சின்னமேளம் என்றால் சதிர், தாசிகள். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் சின்னமேளம் இங்கிருந்து வரவழைக்கப்பட்டது. பல வீடுகளில் அண்ணன் பெரியமேளம், தங்கை சின்னமேளம். இதைக் கோயிலிலிருந்து விரட்ட வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குரல் எழுப்பியவர் ஆறுமுக நாவலர். அவருக்கு 'நாவலர்' பட்டம் 1849இல் கிடைத்தது எங்கே? திருவாவடுதுறை ஆதீனத்தில். எந்த மடத்தின் ஆஸ்தானத்தில் பின்னாளில் ராஜரத்தினம் பிள்ளை வாசித்தாரோ அதே மடத்தில். சைவத்தைச் சுத்தம் செய்த பட்டமும் நாகசுரமும் ஒரே வாசலிலிருந்து கப்பலேறின. நாவலரின் சுத்தத்தில் சாதி ஒழுங்குக்கு இடம் இருந்தது, ஆடும் பெண்ணுக்கு இடமில்லை.

இங்கேயும் கதை அவ்வளவு எளிதல்ல. மாயவரத்தை ஒட்டிய மூவலூரில் இருந்துதான் ராமாமிர்தம் அம்மையார் பொட்டுக்கட்டுதலை எதிர்த்துப் புறப்பட்டார். நாவலர் சொன்னது கோயிலின் கற்புக்காக, அம்மையார் சொன்னது பெண்ணின் விடுதலைக்காக. அவரது 'தாசிகளின் மோசவலை' 1936இல் வந்தது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது சரி. அதற்கு எதிராக ஒரு வார்த்தையும் சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆண்கள் இசை வேளாளர் ஆனார்கள், குழலும் தவிலும் அவர்களோடு கோயிலில் தங்கின. பெண்களின் கலை வேறு வீட்டுப் பெண்களிடம் வேறு பெயரோடு போயிற்று. கப்பலேறிய வித்வான்களின் பெயர்களைப் பி.எம். சுந்தரம் போன்றவர்களின் உழைப்பால் இன்று நாம் படிக்க முடிகிறது. அதே பலகைத் தட்டில் சலங்கை மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் பெரும்பாலும் பெயரில்லாமல் போனார்கள். யாழ்ப்பாணத்து நினைவுகளில் 'சின்னமேளம்' என்பது பால்ய காலக் குறும்பாக, கண்சிமிட்டலாக மட்டுமே எஞ்சியிருக்கிறது.

சமா முடிந்து கூட்டம் கலைந்தபோது பெரியவர் இன்னொன்றும் சொன்னார். நான் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார். ராஜரத்தினம் பிள்ளையை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"நான் சின்னப் பிள்ளை. எங்கட அப்பு கேட்டவர், தம்பி. ஆனா ஆளைக் காணேல்லை. எங்களை உள்ளுக்கு விடமாட்டினம். வேலிக்கு அங்காலை பனையடியிலை நிண்டு விடியுமட்டும் கேட்டவராம். தோடி."

கொஞ்ச நேரம் கழித்து, "சத்தத்தை மறிக்கேலாதுதானே" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

நான் மேலே எழுதிய 'மணலில் உட்கார்ந்த எல்லோருக்கும்' என்ற தொடரில் அந்த 'எல்லோரும்' யார் என்பதை இந்த மனிதரின் அப்பாவை வைத்துத்தான் அளக்க வேண்டும். சபாக்காரர்கள் குறையாகச் சொன்ன அந்தப் பெரிய சத்தம்தான் வேலிக்கு அப்பால் நின்றவனைக் கேட்கவைத்தது. வீணையாக இருந்தால் அவருக்கு அந்த ராத்திரி ஒன்றுமே கிடைத்திருக்காது.

காங்கேசன்துறையில் கப்பலை விட்டு இறங்கினால் கிட்டத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். 1990இல் இராணுவம் வந்து சனம் இடம்பெயர்ந்த பகுதி அது, இன்னமும் கூரையில்லாத வீடுகள் நிற்கின்றன. 1968இல் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போக வேண்டும் என்று அந்தக் கோயில் வாசலில் போராடினார்கள். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் முன்னால் நின்றது. மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், மந்திரியாக இருந்தவர், தனித் தமிழ் நாடு கேட்டவர். 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தில் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. வழக்கின் தலைப்பில் அவருக்கு எதிர்த்தரப்பு யாரென்றால் காங்கேசன்துறை போலீஸ் இன்ஸ்பெக்டர். தமிழருக்கு நாடு கேட்டவர், தமிழர் சிலர் கோயிலுக்குள் வரக்கூடாது என்பதற்காகக் கடல் கடந்து வழக்காடியிருக்கிறார். படுகையிலிருந்து போன மேளங்களும் இப்படிப்பட்ட வீதிகளில்தான் உட்கார்ந்து வாசித்தன. இதை அவர்கள் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இங்கே எந்தத் தெருவில் நடந்தார்களோ அந்தத் தெருவின் சட்டம்தான் அங்கேயும். தங்களுக்கு மேடை கேட்டு வாங்கியவர்கள், கேட்பவனுக்கு மணல் கேட்கவில்லை.

அந்த வேலிக்கு அப்பால் நின்ற சனத்தைக் 'பஞ்சமர்' நாவலில் எழுதிய கே. டானியல் இந்தப் பாதையிலேயே எதிர்த் திசையில் வந்தவர். உடம்பு முடியாமல் தமிழ்நாட்டுக்கு வந்திருந்தபோது 1986 மார்ச்சில் தஞ்சாவூரில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். சங்கீதக்காரர்களுக்கு ஊர் ஊராக விழா எடுக்கிற எங்கள் ஜில்லாவில் அவர் கிடக்கிற இடத்தைக் கேட்டால் சொல்ல ஆள் குறைவு. திரும்பும்போது நாகப்பட்டினத்தில் இறங்கி, மாயவரம் பஸ்ஸை விட்டுவிட்டு, தஞ்சாவூர் பஸ் ஏறினேன்.